நெருப்பைத் தூங்கவைக்கும் வீட்டில்

வாடகை பேச உட்கார்ந்தபோதே வீட்டுக்காரம்மா தன் நிபந்தனைகளைச் சொல்லிவிட்டார். அடுப்புக்குள் குப்பை போடக் கூடாது. அடுப்பின் முன்னால் நின்று யாரிடமும் சண்டை போடக் கூடாது, போனில்கூட. இரவு எவ்வளவு நேரமானாலும் நெருப்பை அப்படியே விட்டுவிட்டுப் படுக்கப் போகக் கூடாது. அதைத் தூங்கவைத்துவிட்டுத்தான் நாம் தூங்க வேண்டும். முன்பணமும் மின்கட்டணமும் வாசல் சாவியும் அதற்குப் பிறகுதான் பேச்சில் வந்தன.

வில்னியஸ் நகரத்தில் நேரிஸ் ஆறு வளைகிற ஒரு மடக்கில் ஜ்வெரீனஸ் என்ற பகுதி இருக்கிறது. பழைய மரவீடுகள் இன்னும் அங்கே நிற்கின்றன. லேசர் கருவிகள் செய்யும் ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்து லித்துவேனியாவுக்குப் போனவள் நான். சின்ன நாடு, ஆனால் லேசர் தொழிலில் அதற்குப் பெரிய பெயர். கூட வேலை செய்தவர்கள் அடுக்குமாடியில் வீடு பார்க்கச் சொன்னார்கள். எனக்கு முற்றமும் மரமும் உள்ள வீடுதான் வேண்டியிருந்தது. அப்படிக் கிடைத்தது அந்த மாடியறை. கீழே எனக்கும் வீட்டுக்காரம்மாவுக்கும் பொதுவான சமையலறை. அதன் பாதி இடத்தை அடுப்பு எடுத்துக்கொண்டிருந்தது. செங்கல்லில் கட்டி வெள்ளை ஓடு பதித்த அடுப்பு. முன்பக்கம் சமைக்க இரும்புத் தகடு. பின்பக்கம் புகை சுற்றிச் சுற்றி ஏறிப்போகும் சுவர். அந்தச் சுவரின் சூட்டில்தான் வீடே குளிர்காலத்தைத் தாண்டும்.

வீட்டுக்காரம்மா ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை. எழுபதைத் தாண்டியவர், கணவரை இழந்தவர். ரொமுவா நெறியைச் சேர்ந்தவர். கிறிஸ்தவம் வருவதற்கு முன் பால்டிக் மக்களிடம் இருந்த வழிபாட்டை நாட்டுப்பாடல்களிலிருந்தும் கிராமத்து வழக்கங்களிலிருந்தும் பழைய ஏடுகளிலிருந்தும் திரட்டி, இன்றைய வாழ்க்கையில் நடத்துகிறவர்கள் ரொமுவாக்காரர்கள். ஐரோப்பாவில் கடைசியாக ஞானஸ்நானம் பெற்ற அரசு லித்துவேனியா. அது நடந்தது 1387இல். யோகைலா மன்னர் வில்னியஸில் எரிந்துகொண்டிருந்த புனித நெருப்பை அணைக்கச் செய்தார், தோப்புகளை வெட்டச் செய்தார், மக்கள் வணங்கிய பாம்புகளைக் கொல்லச் செய்தார் என்று 15ஆம் நூற்றாண்டுப் போலந்து வரலாற்றாசிரியர் யான் த்வுகோஷ் எழுதிவைத்திருக்கிறார். ஊர்ப் பொது நெருப்பை ஒரு மன்னரால் அணைக்க முடிந்தது. வீட்டுக்கு வீடு அடுப்பில் இருந்ததை யார் போய் அணைப்பது? அணைத்துவிட்டால் ரொட்டி சுடுவது எப்படி?

அந்த அடுப்பு நெருப்புக்குப் பெயர் கபியா. அவள் பெண். வீட்டைக் காப்பவளும் அவள்தான், கோபம் வந்தால் எரிப்பவளும் அவள்தான். அவள்மேல் துப்பக் கூடாது, காலால் மிதித்து அணைக்கக் கூடாது. அவளுக்கு உணவு உப்பு. ரொட்டி சுடும் நாளில் அவளுக்கென்று ஒரு சின்ன ரொட்டி தனியாகச் சுடுவார்கள். மணமாகிப் போகிற பெண் தாய்வீட்டு அடுப்பின் நெருப்பைப் புதுவீட்டுக்குக் கொண்டுபோவாள். தேவாலயம் வந்த பிறகு இவற்றில் பாதி புனித அகத்தா பெயரில் தொடர்ந்தது. பிப்ரவரி 5ஆம் தேதி அகத்தா திருநாளில் மந்திரித்த ரொட்டியைத் தீ விபத்துக்குக் காப்பாக வீட்டில் வைத்துக்கொள்ளும் வழக்கம் இன்றும் கத்தோலிக்கக் குடும்பங்களில் இருக்கிறது.

நான் எங்கிருந்து போனேன் என்பதையும் சொல்ல வேண்டும். ஈரோட்டுப் பக்கம் எங்கள் ஊர். அப்பா கருப்புச் சட்டைக்காரர். எங்கள் வீட்டில் சாமி படம் இல்லை, விளக்கு இல்லை, ஆடி இல்லை, அமாவாசை இல்லை. பொங்கலும் பெரியார் பிறந்தநாளும்தான் எங்கள் பண்டிகைகள். அம்மாவைப் பெற்ற அம்மாயி வீட்டில்தான் மற்றதெல்லாம் நடக்கும். வெள்ளிக்கிழமை அடுப்பை மெழுகிக் கோலம் போடுவாள். சோறு வெந்ததும் முதல் பருக்கைகளை அடுப்புக்குள் போட்டுவிட்டுத்தான் இறக்குவாள். விளக்கை ஒருநாளும் வாயால் ஊதி அணைக்க மாட்டாள். பூவால் ஒற்றி எடுப்பாள். விடுமுறைக்குப் போகும்போது நான் இவற்றைக் கூடவே நின்று பார்ப்பேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னதில்லை. அவர் திட்டியிருக்க மாட்டார். ஏன், எதற்கு என்று பொறுமையாக விளக்கியிருப்பார். அந்த விளக்கம் எனக்கு வேண்டாம் என்று அந்த வயதிலேயே தோன்றியது. அப்பாவிடம் நான் மறைத்த முதல் விஷயம் அதுதான். வில்னியஸில் நடந்தது இரண்டாவது.

இரவு வேலை முடிந்ததும் வீட்டுக்காரம்மா அடுப்பின் முன் முக்காலியைப் போட்டு உட்காருவார். பிர்ச் கட்டைகள் எரிந்து கங்காகியிருக்கும். உடனே கைவைக்க மாட்டார். கங்குகளின் மேல் நீலச் சுடர் ஆடிக்கொண்டிருக்கும். அது அடங்கும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார். கங்கிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு எரிவதுதான் அந்த நீலம். அது போவதற்குள் புகைபோக்கியின் தகட்டைத் தள்ளி அடைத்தால் வாயு திரும்பி அறைக்குள் வந்துவிடும். நிறம் கிடையாது, மணம் கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். நீலம் மறைந்ததும் நீளக் கரண்டியால் கங்குகளைப் பின்பக்கம் ஒதுக்குவார். சாம்பலைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து அவற்றின்மேல் மூடுவார். ஓரங்கள் தெரியாமல், காற்றுக்கு வழியும் இல்லாமல் போய்விடாமல், அவர் அதைச் செய்யும் விதத்தை நான் எத்தனையோ இரவு பார்த்துத்தான் கற்றேன். குழந்தைக்குப் போர்வை இழுத்துவிடுகிற கை அது. பிறகு தகட்டை அடைப்பார்; முழுக்க அல்ல, கங்கு உள்ளே இருக்கும்வரை விரல் நுழையும் இடைவெளி விட்டே வைப்பார். ஒரு சிட்டிகை உப்பு. அடுப்பின் ஓரத்தில் ஒரு கிண்ணம் சுத்தமான தண்ணீர், கபியா குளிப்பதற்கு. கடைசியாகத் தாழ்ந்த குரலில் சில சொற்கள். நன்றாகத் தூங்கு, எழுந்து எங்கும் நடக்காதே என்று அர்த்தம். வீடு தீப்பற்றுவதைக் கபியா நடக்கக் கிளம்பிவிட்டாள் என்று அவர் சொல்வார்.

காலையில் சாம்பலை விலக்கினால் கங்கு சிவப்பாகக் கண் திறக்கும். சுள்ளி வைத்தால் போதும், தீக்குச்சி வேண்டாம்.

இதைப் படிக்கிற பலருக்கு உடனே ஒன்று தோன்றும் என்று எனக்குத் தெரியும். பார்த்தீர்களா, சடங்குக்குள் எவ்வளவு அறிவியல், முன்னோர்கள் என்ன சும்மாவா செய்தார்கள் என்று. மஞ்சளுக்கும் சாணத்துக்கும் வேப்பிலைக்கும் இந்தப் பேச்சு தினம் ஒரு வாட்ஸாப் செய்தியாக நம் கைக்கு வருகிறது. இதை நான் ஏற்க மாட்டேன். அந்தச் சமையலறைச் சுவரில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்று மாட்டியிருந்தது. வீட்டுக்காரம்மாவே வாங்கி மாட்டியது. மாதாமாதம் பொத்தானை அழுத்திச் சோதிப்பார். உயிருக்குப் பாதுகாப்பு மட்டுமே நோக்கம் என்றால் கருவி வந்த அன்றே முக்காலியை எடுத்து உள்ளே வைத்திருக்கலாம். ஏன் இன்னும் உட்காருகிறீர்கள் என்று கேட்டேன். “அது எனக்காக இருக்கிறது. இது அவளுக்காக” என்றார்.

உப்புக்கு அப்படி ஒரு காரணமும் சொல்ல முடியாது. சுடரில் விழுந்தால் அது ஒரு கணம் மஞ்சளாக எழும். சோடியம் வெளியிடும் ஒளி, 589 நானோமீட்டர். அலைநீளங்களோடு பிழைப்பு நடத்துகிறவள் நான். அந்த மஞ்சள் எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் போட்டேன். தெரிந்ததால் எதுவும் குறையவில்லை. சடங்கை அறிவியல் என்று சொல்லிக் காப்பாற்றுகிறவர்களும் மூடநம்பிக்கை என்று சொல்லி ஒதுக்குகிறவர்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: இதனால் எனக்கு என்ன பயன்? அந்த அம்மாவின் இரவுகளில் அந்தக் கேள்வியே இல்லை. நம்மோடு ஒருத்தி இந்த வீட்டில் இருக்கிறாள். நமக்குச் சமைத்துத் தருகிறாள். அவளைப் பட்டினி போட்டுவிட்டு நாம் போய்ப் படுப்பதா? அவ்வளவுதான்.

எனக்கு ஒரு பயம் இருந்தது, அதையும் மறைக்கக் கூடாது. மண்ணின் சமயம், முன்னோர் சமயம் என்றெல்லாம் பேசுகிற இடங்களில் இரத்தம், இனம் என்ற பேச்சும் பின்னாலேயே வரும். ஐரோப்பாவில் பழைய தெய்வங்களின் சின்னங்களைத் தோளில் குத்திக்கொண்டு வந்தேறிகளை வெறுக்கிற கூட்டங்கள் இருக்கின்றன. என் நிறத்தோடு அந்த ஊர்த் தெருக்களில் நடந்தவளுக்கு இது ஏட்டில் படித்த சங்கதி அல்ல. ஆகையால் கேட்டுவிட்டேன்: இதை நான் செய்யலாமா, உங்கள் ஆட்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்களா? அவர் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“இந்த அடுப்பில் நீ சமைக்கிறாய் அல்லவா?”

“ஆமாம்.”

“அப்படியானால் உனக்குக் கடமை இருக்கிறது.”

உரிமை என்று நான் கேட்டதற்குக் கடமை என்று பதில் வந்தது. அன்றிரவு கங்கை மூடும் கரண்டியை என் கையில் கொடுத்தார்.

அந்த வீட்டில் கபியா மட்டும் இல்லை. முற்றத்தின் மூலையில் மட்குக் குவியல் ஒன்று இருந்தது. அதை மார்ச் மாதத்துக்குப் பிறகு கிளறக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு. காரணம் ஜால்டிஸ், அந்த நாட்டுப் புல்பாம்பு. கழுத்தில் இருபுறமும் மஞ்சள் பட்டை இருக்கும், நஞ்சு கிடையாது. ஒரு காலத்தில் லித்துவேனிய வீடுகளில் அடுப்பின் கீழும் மூலையிலும் அதை வாழவிட்டு, பால் வைத்தார்கள். அதைக் கொன்றவன் குடும்பம் விளங்காது என்பார்கள். அம்மாயி ஊர்ப் புற்றுக்குப் பால் ஊற்றுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை. ஆனால் வீட்டுக்காரம்மா பால் வைப்பதில்லை. பாம்புக்குப் பால் உணவு அல்ல என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர். புல்பாம்பு முட்டையிடுவது மட்குகிற குப்பையின் சூட்டில். அதனால் அந்தக் குவியலை அவற்றுக்கென்று விட்டுக்கொடுத்திருந்தார். பழைய காலத்தவர்கள் தங்களிடம் இருந்ததைக் கொடுத்தார்கள், நான் அதற்குத் தேவையானதைக் கொடுக்கிறேன் என்றார். மரபு மாறினால் இப்படி மாற வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டேன். நம் ஊரிலும் புற்றுக்குப் பால் ஊற்றுவதைவிடப் புற்றை இடிக்காமல் இருப்பது பெரிய வழிபாடு. மனை போடுகிறவர்கள் காதில் இது ஏற வேண்டும்.

டிசம்பர் 24 இரவு அங்கே கூச்சியோஸ் விருந்து. கத்தோலிக்கர்களுக்குக் கிறிஸ்து பிறப்பின் முன்னிரவு. ஆனால் அந்த விருந்தின் உள்ளே இருப்பது இறந்தவர்களுக்கான படையல் என்பதை எந்த லித்துவேனியரும் மறுக்க மாட்டார். மேசைமேல் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் வெள்ளை லினன் துணி. பன்னிரண்டு வகை உணவு. இறைச்சி, பால், முட்டை கூடாது. ஹெரிங் மீன், பீட்ரூட், காளான், கசகசாப் பாலில் ஊறிய சின்னச் சின்ன ரொட்டித் துண்டுகள். போனவர்களுக்கு ஒரு தட்டு.

அம்மா இறந்தபோது எங்கள் வீட்டில் எந்தச் சடங்கும் நடக்கவில்லை. அம்மா கேட்டுக்கொண்டபடியே உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்தோம். பிறகு படத்திறப்பு. தோழர்கள் வந்தார்கள், நன்றாகப் பேசினார்கள். அம்மாவின் கண்கள் யாருக்கோ பார்வை கொடுத்துக்கொண்டிருக்கின்றன. இவற்றில் எனக்கு அன்றும் பெருமை, இன்றும் பெருமை. ஆனால் அம்மாவுக்குச் சோறு வைக்க எனக்கு ஓர் இடம் இல்லை. அவள் செத்த நாளன்று ஒவ்வோர் ஆண்டும் என் கைகளுக்கு ஒரு வேலையும் இருக்காது. அந்த நாளில் நான் அலுவலகத்தில் இரவு வரை இருந்துவிடுவேன். கொள்கைக்கு எதிராக ஏதாவது ஆசைப்படுகிறேனோ என்ற கூச்சம் வேறு. யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

கூச்சியோஸ் அன்று வீட்டுக்காரம்மா தன் கணவருக்கு ஒரு தட்டு வைத்தார். பிறகு இன்னொரு தட்டை எடுத்துத் துடைத்துக்கொண்டே, “உன் வீட்டில் யார்?” என்றார். அம்மா என்றேன். அவளுக்கு என்ன பிடிக்கும் என்றார். ஊரிலிருந்து கொண்டுபோன கொள்ளு கொஞ்சம் டப்பாவில் இருந்தது. அந்த அடுப்பிலேயே வேகவைத்துக் கொள்ளுப் பருப்பு கடைந்தேன். பூண்டும் சீரகமும் வரமிளகாயும் தட்டி எண்ணெயில் தாளித்தேன். மிளகாய் நெடியில் வீட்டுக்காரம்மா இருமிக்கொண்டே ஜன்னலைத் திறந்தார். கூச்சியோஸ் விதிப்படி அதில் இறைச்சியும் இல்லை, பாலும் இல்லை. சோற்றில் ஊற்றி அந்தத் தட்டில் வைத்தேன். சாப்பிட்டு முடித்தும் மேசையை எடுக்கவில்லை. அந்த இரவு முழுக்க அப்படியே விட்டுவிடுவது முறை. காலையில் மீந்ததை முற்றத்தில் பறவைகளுக்கு வைத்தோம். அங்கே சாம்பல் நிறக் காக்கைகள் நிறைய. எது வந்து தின்றது என்று ஜன்னலில் நின்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அம்மா வந்தாள் என்று நான் சொல்ல மாட்டேன். அம்மாவுக்கு வைத்தேன் என்று சொல்வேன். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடத்தில்தான் இத்தனை ஆண்டு எனக்கு நிற்கத் தெரியாமல் இருந்தது.

அந்தக் குளிர்காலத்தில்தான் அப்பாவிடம் சொன்னேன். போனில், கொஞ்சம் கொஞ்சமாக, அடுப்பில் தொடங்கி அம்மாவின் தட்டு வரை. அவர் குறுக்கிடவில்லை. முடித்ததும் ஒரே கேள்வி கேட்டார்.

“அந்த நெருப்புகிட்ட என்ன கேப்ப?”

“ஒண்ணும் கேக்கறதில்லைங்கப்பா. தூங்குன்னு சொல்லுவோம்.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “கேக்காம இருக்கற வரைக்கும் செரி, கண்ணு. கேக்க ஆரம்பிச்சா நடுவுல ஒருத்தன் வந்து உக்காந்துக்குவான்” என்றார்.

அவர் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் இந்த ஒரு வாக்கியத்தில் அவர் சொன்னதை நான் நாள்கணக்கில் எண்ணிப் பார்த்திருக்கிறேன். நம் ஊர்க் கோயில்களில் நடுவே வந்து உட்கார்ந்தவர்கள் யாரையெல்லாம் வாசலில் நிறுத்தினார்கள் என்பது அவருக்குத் தெரியும். என் தாத்தாவுக்கு அது உடம்பிலேயே தெரியும். ரொமுவாவிலும் பூசகர்கள் உண்டு. வைதிலா என்பார்கள், எல்லாருக்கும் தலைமை ஏற்பவர் கிரிவே. திருவிழாவில் கல் மேடையில் நெருப்பு வளர்த்து, தானியமும் பீரும் அம்பர்த் துண்டுகளும் இட்டுப் பாடுவார்கள். நானும் போயிருக்கிறேன், நன்றாகவே இருக்கும். என் மனம் ஒட்டியது என்னவோ சமையலறையில்தான். அங்கே நெருப்புக்கும் எனக்கும் நடுவில் கரண்டியைத் தவிர எதுவும் இல்லை. வீட்டுத் தெய்வங்களை இன்றைக்கு வணங்க நினைக்கிற எவரும் அப்பாவின் எச்சரிக்கையைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பேன். வரம் கேட்கத் தொடங்கியதும் கணக்கு வரும். கணக்கு வந்தால் கணக்குப்பிள்ளையும் வருவான்.

ஒரே ஒரு விஷயத்தில் அப்பா உற்சாகமாகக் கேட்டார். 1967 கோடையில், சோவியத் ஆட்சிக்குள், யோனாஸ் திரின்கூனாஸ் என்ற இளைஞரும் நண்பர்களும் கெர்னவே என்ற பழைய தலைநகரின் குன்றுகளில் கூடி, ரசோஸ் என்ற கோடை நடுத் திருவிழாவைப் பழைய முறையில் கொண்டாடினார்கள். ஆட்சி அதைச் சந்தேகத்தோடு பார்த்தது. 1973இல் அவர் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். சுதந்திரத்துக்குப் பின் 1992இல் ரொமுவா பதிவானது. அரசு ஏற்பு மட்டும் கிடைக்கவில்லை. 2019இல் நாடாளுமன்றம் மறுத்தது. அப்படி மறுத்தது பாகுபாடு என்று 2021இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 டிசம்பரில்தான் ஏற்பு வந்தது. திரின்கூனாஸ் அதைப் பார்க்க உயிரோடு இல்லை, 2014இல் காலமாகிவிட்டார். இதைச் சொன்னபோது அப்பா கேட்டது: “அப்போ அவங்க கல்யாணம் இனிமே செல்லுமா?”

செல்லும். அதுவரை ரொமுவா முறைப்படி மணந்தவர்கள் தனியாகப் பதிவு அலுவலகத்துக்கும் போக வேண்டியிருந்தது. அப்பாவுக்கு இது சொந்தக் கதை. தாத்தா பாட்டியின் சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லாத திருமணமாக இருந்தது. அதே 1967இல் அண்ணாவின் அரசு சட்டம் கொண்டுவந்து, முன்பு நடந்தவற்றுக்கும் சேர்த்து ஏற்பு கொடுத்த பிறகுதான் அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தலைநிமிர்வு. ஒரு பக்கம் புரோகிதர் வேண்டாம் என்றவர்கள், இன்னொரு பக்கம் தங்கள் நெருப்பு வேண்டும் என்றவர்கள். எங்கள் வீட்டுக்குள் எப்படி நடக்க வேண்டும் என்று நாங்களே முடிவு செய்வோம் என்பதைத்தான் இருவரும் சொன்னார்கள். அப்பா என்னிடம் இதை இப்படிச் சொல்லவில்லை. “நல்லது, நல்லது” என்று மட்டும் சொன்னார்.

முதுமை காரணமாக வீட்டுக்காரம்மா கௌனஸ் நகரத்தில் மகளோடு போய் இருக்க முடிவு செய்தார். வீடு விலைபோயிற்று. கோடை நடு நாளில் பழைய நெருப்பை அணைத்துவிட்டுப் புதிதாக வளர்ப்பது பழைய வழக்கம். அந்த நாளையே அவர் தேர்ந்தெடுத்தார். கங்குகளின்மேல் சுத்தமான தண்ணீரைக் கிண்ணத்தில் மொண்டு மொண்டு விட்டார். அழவில்லை. நான்தான் அழுதேன். பிறகு இருவரும் அடுப்பைத் துடைத்துச் சாம்பலை ஆப்பிள் மரத்தடியில் கொட்டினோம்.

இப்போது லாஸ்தினாயில் இருக்கிறேன். சோவியத் காலத்து அடுக்குமாடிப் பகுதி. நல்ல நகரமைப்புக்காக 1974இல் லெனின் பரிசு பெற்றது. மரங்களுக்கு நடுவே நன்றாகத்தான் கட்டியிருக்கிறார்கள். சூடு எங்கிருந்தோ குழாயில் வருகிறது. வெளியே மூன்று நாள் சராசரி வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போனால் மாநகராட்சி திறந்துவிடும். புகைபோக்கி கிடையாது. சமைப்பது இண்டக்ஷன் அடுப்பில். ரொமுவாக்காரர்களிலும் பெரும்பாலானவர்கள் இப்படிப்பட்ட வீடுகளில்தான் இருக்கிறார்கள். அலமாரியில் ஒரு கல், அதன்மேல் மெழுகுவர்த்தி என்று வைத்துக்கொள்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஓர் இளம்பெண் எல்இடி மெழுகுவர்த்தி வைத்திருக்கிறாள்; அவள் வாடகை ஒப்பந்தத்தில் தீ கூடாது என்று இருக்கிறது. மனம்தானே முக்கியம் என்கிறாள். அவள் நிலைமை எனக்குப் புரிகிறது. ஆனால் என்னால் முடியாது. எரிக்க முடியாத ஒன்றைத் தூங்கவைக்க வேண்டிய தேவை என்ன? ஆபத்தும் உணவும் ஒன்றாக இருக்கிற ஒருத்தியோடு குடியிருப்பதால்தான் அந்த மரியாதை பிறந்தது. நான் மணல் நிரப்பிய மண்சட்டியில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். உப்பு, தண்ணீர், அதே சொற்கள். அணைக்கும்போது ஊதுவதில்லை, பூ கிடைத்தால் பூ, இல்லாத மாதங்களில் பித்தளை மூடி.

போதவில்லை. மெழுகுவர்த்தி எனக்குச் சோறாக்கித் தருவதில்லை. நான் அவளுக்கு உப்பு போடுகிறேன், அவள் எனக்கு ஒன்றும் செய்ய வழியில்லாமல் அலமாரியில் நிற்கிறாள். இது உறவு இல்லை, நினைவு. அதனால் ஷ்னிபிஷ்கேஸ் பகுதியில் மிச்சமிருக்கும் மரவீடுகளில் அடுப்புள்ள இடம் தேடிக்கொண்டிருக்கிறேன். வாடகை அதிகம், விறகுச் செலவு தனி, குளிர்காலத்தில் அதிகாலையில் எழ வேண்டும். போன வாரம் ஒன்று பார்த்தேன். அடுப்பு பெரியது, ஓடுகள் ஒன்றுகூட உடையவில்லை. புகைபோக்கியில் விரிசல் இருந்தது. கௌனஸுக்குப் போன் செய்து சொன்னேன்.

“புகைபோக்கியை எடுத்துக் கட்டித் தருவார்களா என்று கேள். கட்டி, சுத்தம் செய்கிற ஆள் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு போ. அதற்கு முன் ஒரு குச்சிகூடக் கிழிக்காதே” என்றார் வீட்டுக்காரம்மா.

கேட்டிருக்கிறேன். வீட்டுச் சொந்தக்காரர் செலவைக் கணக்குப் பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். முடியாது என்றால் அதே தெருவில் வேறு வீடுகளும் இருக்கின்றன.